சரசு, அந்தச் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதே

கோத்தகிரி

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணாவும் நலம்தானே? உன் பொங்கல் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்பது நினைவிருக்கிறது. அதற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இது அவசரக் கடிதம்.

நேற்று நம்ம தோழி பிப்பெட் போன் செய்தாள். நீ தோட்டத்துக்குச் சுண்ணாம்பு மூட்டை வாங்கி இறக்கிவிட்டாயாம். "அவள் கோத்தகிரியில் போட்டு முட்டைக்கோஸாக அள்ளுகிறாள், இலை மஞ்சளாகிற என் எலுமிச்சைக்கு மட்டும் ஆகாதா?" என்று கேட்டாயாம். ஆகவே ஆகாதடி. பிரிக்காதே. பிரித்திருந்தால் வாயைக் கட்டித் திண்ணையில் ஏற்றிவை. அதுவும் சுட்ட சுண்ணாம்பு என்கிறாள். தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். உன் பேரன் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது அது கீழே கிடக்கக் கூடாது.

என் மண் வேறு, உன் மண் வேறு. இங்கே மழை கொட்டிக் கொட்டி மண்ணில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது, மண் புளித்துப்போகிறது. போதாததற்கு எங்கள் கொல்லை முன்பு தேயிலைத் தோட்டம். வருஷக்கணக்கில் அம்மோனியம் சல்பேட் தின்ற மண், அதுவும் புளிப்பை ஏற்றும். புளிப்பையும் காரத்தையும் அளக்கிற எண்தான் பி.எச்: 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அது 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலைக்குக் கொண்டாட்டம். காய்கறிக்கு அவ்வளவு புளிப்பு ஒத்துவராது. 5.5க்குக் கீழே போனால் மண்ணில் இருக்கிற அலுமினியம் கரைந்து வேர் நுனியை வளரவிடாமல் நிறுத்திவிடும். போடுகிற மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டைக்கோஸுக்கு வேர் வீக்க நோயும் வரலாம், பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டி கட்டியாக இருக்கும். எங்கள் மண் 4.9 என்று அளந்து பார்த்த பிறகுதான் புளிப்பைக் குறைக்க டோலமைட் (மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) போட்டேன், சதுர மீட்டருக்கு 200 கிராம். அதுவும் நடவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

ஒன்று சொன்னால் நீ ரசிப்பாய். பாத்தி ஓரத்தில் ஹைட்ரேஞ்சியா இருக்கிறதே, நீ வந்தபோது நீலமாகப் பூத்துக் கிடந்ததே, அந்தச் செடிதான். மண்ணில் அலுமினியம் கரைந்திருந்தால் அது நீலமாகப் பூக்கும். டோலமைட் பட்ட பக்கம் இந்த வருஷம் ரோஸ் நிறம். ஒரே செடியில் ஒரு கிளை நீலம், ஒரு கிளை ரோஸ், நடுவில் ஒரு கொத்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஊதா. தினம் காலையில் காபி டம்ளரோடு போய் அதைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

இப்போது உன் சூலூர் மண்ணுக்கு வா. கரிசல். கிணறு வெட்டியபோது சுக்கான் கல்லாக வந்து குவிந்ததை மறந்துவிட்டாயா? அதெல்லாம் சுண்ணாம்புதான். உன் மண் 8ஐத் தாண்டித்தான் இருக்கும் என்று என் கணிப்பு. பி.எச்சில் ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு, இரண்டு எண் ஏறினால் நூறு மடங்கு, நம்ம கெமிஸ்ட்ரி மிஸ் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னதுதான். (லிட்மஸ் தாளை நாக்கில் வைத்தவளுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது!)

எலுமிச்சையில் எந்த இலை மஞ்சள் என்று போய்ப் பார். நுனியில் வரும் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போலத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. கறிவேப்பிலையும் அப்படித்தான் வெளுக்கிறது என்றாயே, அதனால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. உன் மண்ணில் இரும்பு நிறையவே இருக்கும். சுண்ணாம்பு மிஞ்சிய மண்ணில் அது கரையாது, வேருக்குக் கிடைக்காது. அங்கே இன்னும் ஒரு மூட்டை சுண்ணாம்பைக் கொட்டினால் இருக்கிற கொஞ்சமும் பூட்டிக்கொள்ளும். பாய்லர் சாம்பலும் வேண்டாம், அதுவும் காரம். அது உன் அம்மா வைத்த மரம், சரசு. கணிப்பை நம்பி எதுவும் செய்யாதே. என் கணிப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதலில் அளந்து பார்.

மண் எடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, வி வடிவில் ஒரு சாணுக்குக் குறைவாக, 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டு. குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடு. எருக்குழி பக்கம், அண்மையில் உரம் போட்ட இடம் வேண்டாம். ஏழெட்டு இடத்து மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, கல்லைப் பொறுக்கிவிட்டு, நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகத்தைத் தள்ளு. அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்.

அதில் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிக் காதருகே வைத்துக் கேள். நுரைத்து இரைந்தால் சுண்ணாம்பு உண்டு, மேற்கொண்டு பேச்சே இல்லை. அப்புறம் 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லி பேட்டரி வாட்டர் (காய்ச்சி வடித்த தண்ணீர், பேட்டரி ஆசிட் அல்ல) ஊற்றி அவ்வப்போது கலக்கி, அரைமணி கழித்துத் தாளிலோ மீட்டரிலோ பார். போர்வெல் தண்ணீர் ஊற்றாதே, அதன் காரமும் கணக்கில் ஏறிவிடும். செம்பருத்திச் சாறும் நிறம் காட்டும், புளிப்புக்குச் சிவப்பு, காரத்துக்குப் பச்சை. பேரனுக்குக் காட்ட அது நன்றாக இருக்கும், முடிவெடுக்க அது போதாது. மண்ணில் குத்திப் பார்க்கிற ஊசி மீட்டரை நான் நம்புவதில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உனக்குப் பக்கம்தானே. மண்ணோடு ஒரு பாட்டில் போர்வெல் தண்ணீரையும் கொடு. மண்ணை மாற்றிக்கொண்டே இருப்பது உன் தண்ணீராகவும் இருக்கலாம்.

எண் வரும்வரை எலுமிச்சைக்கு ஒரே ஒரு வேலை செய். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூட அரை மூடி எலுமிச்சைச் சாறு. மாலையில் தளிரில் தெளி. தூரில் மட்கிய எரு போடு. ஹோஸைத் திறந்துவிட்டுச் சீரியல் பார்க்க உட்கார்ந்துவிடாதே. தண்ணீர் தேங்கினால் இந்த மஞ்சள் இன்னும் கூடும். கந்தகம் போடலாமா என்று அடுத்துக் கேட்பாய், தெரியும். சுக்கான் இருக்கிற மண் எவ்வளவு கந்தகத்தையும் விழுங்கிவிடும். தொட்டிச் செடிக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

மூட்டையை வீணாக்காதே. இங்கே அடுத்த பாத்திக்கு எனக்கு ஆகும். மருமகன் சனிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறான், ஏற்றி அனுப்பு. அவனிடம் பீன்ஸும் ஹைட்ரேஞ்சியாவில் ஒரு நீலமும் ஒரு ரோஸும் கொடுத்துவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் எண் சொன்ன அன்றைக்கே போன் செய். ராத்திரி பதினொன்றானாலும் பரவாயில்லை.

உன்,
விசாலம்