அறிக்கை 'கவனக்குறைவு' என்பதோடு முடியலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஆலை விபத்துச் செய்திகளில் 'தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்' என்று படிக்கும்போதெல்லாம், மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் 22 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்த எனக்கு ஒரு மாசி மாத விடியற்காலைதான் கண்முன் வருகிறது.

சம்பா அறுவடை நேரம். ஈர நெல்லோடு வந்த வைக்கோல் துணுக்குகள், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடியில் அடைத்துக்கொண்டன. முந்தைய நாள் காலை வேலைக்கு ஏறி, இரவு ஷிப்டுக்கு மாற்றாள் வராததால் தொடர்ந்து நின்றுகொண்டிருந்த பையன், மோட்டாரை நிறுத்தாமலே கையை விட்டான். மூன்று விரல்கள் போயின. ஓடிப்போய்ப் பார்த்தபோது, புல்லியை மூடியிருக்க வேண்டிய கம்பி வலை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அதன் சட்டத்தின் மேல் விரற்கடை உயரத்துக்குத் தவிட்டுத் தூசி. அடைப்பெடுக்க ஒவ்வொரு முறையும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினால் நேரமாகிறது என்று கழற்றி வைத்தது. தினமும் அதைக் கடந்து போன நானும் எடுத்து மாட்டவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பொறி ஓடும்போது இத்தகைய காப்பு மறைப்பு அதனிடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு தெளிவாகவே சொல்லியது. அப்படியும், ஆலை எழுதிய அறிக்கையில் வலையைப் பற்றியோ, அவன் எத்தனை மணி நேரமாக நின்றான் என்பதைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

1984 டிசம்பரில் போபால் பூச்சிக்கொல்லி ஆலையில் நச்சு வாயு கசியக் காரணமாக, நச்சுத் திரவம் இருந்த 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததற்கு ஒரு தொழிலாளியின் நாசவேலையே காரணம் என்றுதான் யூனியன் கார்பைடு நிறுவனம் வாதிட்டது. ஆனால், அந்தத் திரவத்தைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்ததும், கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் குழாய் கழற்றப்பட்டுப் பயனின்றி நின்றதும் அன்றிரவு வேலையிலிருந்தவர்கள் செய்த பிழைகள் அல்ல. பொறுப்பிலிருந்தவர்கள் தெரிந்தே விட்டுவைத்தவை.

ஆகவே, விபத்து அறிக்கை ஒவ்வொன்றிலும் வேலை நேரமும், காப்புகளின் நிலையும், அவற்றைக் கழற்றச் சொன்னவர் யார் என்பதும் கட்டாயம் இடம்பெற வேண்டும். தங்கள் நிருபர்களும் இவற்றைக் கேட்டு எழுத வேண்டுகிறேன். தை பிறந்தால் டெல்டா ஆலைகள் மறுபடியும் இரவு பகலாக ஓடத் தொடங்கும். அதற்கு முன், தொழிலகப் பாதுகாப்பு அலுவலர்கள் அலுவலக அறையோடு திரும்பிவிடாமல், எலிவேட்டர்களின் அடிவரை வந்து குனிந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஃபிட்டர்,
மன்னார்குடி.