ஒரு மேசையில் இரண்டு பேர்

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன். நெற்றி அப்படியே உன் நெற்றி. என் முழங்கால் தேறி வருகிறது. அறுவை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. சமையலறை வரை கோல் இல்லாமல் போய் வருகிறேன். மாடிப்படி ஏறத்தான் இன்னும் கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கிறது. கொல்லை எலுமிச்சை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. ஊறுகாய் போட்டுவிட்டேன், உனக்கு ஒரு ஜாடி தனியே எடுத்து வைத்தாயிற்று.

இந்த ஏழு வாரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய காகிதத்தை எடுத்தேன். பொறுமையாகப் படி.

நான் படுத்த படுக்கையாகக் கிடந்த முதல் வாரம், ஊருக்குக் கிளம்பும் முன் என் மகள் மடிக்கணினியைக் கட்டில் பக்கத்தில் வைத்து ஒரு அமெரிக்கத் தொடரைப் போட்டுக் கொடுத்தாள். ‘வெரோனிகா மார்ஸ்’ என்று பெயர். “பள்ளிக்கூடத்துப் பெண் துப்பறிகிறாள் அம்மா, உனக்குப் பிடிக்கும்” என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. துப்பறியும் கதை என்றால் நமக்கு வாடகை நூலகத்து மாத நாவல்தான். நாளுக்குப் பத்து பைசா கொடுத்து, ஒரே புத்தகத்தை நீ பாதி நான் பாதி என்று படித்த ஆட்கள் நாம். பேச்சு வேகம் பிடிபடுவதற்காக ஆங்கில எழுத்தைக் கீழே ஓடவிட்டு அரை மனதாகத்தான் தொடங்கினேன். அன்று இரவு மூன்று எபிசோடு பார்த்தேன். மாத்திரை சாப்பிட மறந்துவிட்டேன்.

கதை நடப்பது கலிஃபோர்னியாவில் நெப்டியூன் என்ற கற்பனை ஊரில். கடற்கரை ஊர். அங்கே நடுத்தர வர்க்கம் என்று ஒன்று கிடையாது. பெரும் பணக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். வெரோனிகாவின் அப்பா கீத் மார்ஸ் அந்த ஊரின் ஷெரிஃப், அதாவது ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி. அவளுடைய உயிர்த்தோழி லில்லி கேன் கொலை செய்யப்படுகிறாள். லில்லியின் அப்பா கணினி மென்பொருளில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர், ஊருக்கே படியளக்கிறவர். கீத் அவர் மேல்தான் சந்தேகப்படுகிறார். ஊர் கொதித்துப் போய், ஓட்டுப் போட்டே கீத்தைப் பதவியிலிருந்து இறக்குகிறது. அம்மா வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அப்பாவும் மகளும் சின்ன அடுக்ககத்துக்குக் குடிபெயர்கிறார்கள். கீத் தனியார் துப்பறியும் அலுவலகம் திறக்கிறார். பள்ளி விட்டதும் வெரோனிகா அங்கே போய் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கிறாள், கேமராவைத் தூக்கிக்கொண்டு கார்களைப் பின்தொடர்கிறாள்.

பள்ளியில் அவளுடைய பழைய கூட்டம் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: அப்பாவா, நாங்களா? அவள் அப்பா பக்கம் நின்றாள். அதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு விருந்தில் யாரோ அவள் பானத்தில் மயக்க மருந்து கலந்து அவளைச் சீரழித்துவிடுகிறார்கள். மறுநாள் காலை அதே வெள்ளை உடுப்போடு புதிய ஷெரிஃபிடம் புகார் கொடுக்கப் போகிறாள். அவன் அவளை ஏளனம் செய்து அனுப்புகிறான். அந்தக் காட்சியில் நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். மறுபடி திறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆனால் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது வேறொரு காட்சியால். முதல் எபிசோடிலேயே வருகிறது. புதிதாகப் பள்ளிக்கு வந்த வாலஸ் என்ற பையனை, ஊர் மோட்டார் சைக்கிள் கும்பல் துணியில்லாமல் கொடிக்கம்பத்தில் நாடா சுற்றிக் கட்டிவைத்திருக்கிறது. எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். வெரோனிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கத்தியால் கட்டை அறுக்கிறாள். பிறகு மதிய உணவு நேரம். வெட்டவெளியில் போட்ட மேசையில் அவள் வழக்கம்போல் தனியாக இருக்கிறாள். வாலஸ் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்கிறான். அவளோடு சேர்ந்தால் தனக்கும் அந்தப் பள்ளியில் மரியாதை கிடைக்காது என்று தெரிந்தும் உட்கார்கிறான்.

வசந்தா, எனக்கு நம் பள்ளிப் புங்கமரத்தடி ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பா தான் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்ற வருடம் உனக்கு நினைவிருக்கும். கிடங்கில் இல்லாத உர மூட்டையை இருப்பதாக எழுதச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மேலிடத்துக்கு எழுதியும் போட்டார். வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டது அவர்தான். விசாரணை முடிகிற வரை யாருக்கும் கடன் கிடையாது என்று ஆனதும் ஊர்க் கோபம் முழுக்க எங்கள் வாசலுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நான்கு பேரும் ஒரே நாளில் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள், பாவம். நீ மட்டும் தயிர்சாதத் தூக்கைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாய். மூடியில் இரண்டு மாவடு வைத்து என் பக்கம் தள்ளினாய். ஒன்றும் பேசவில்லை. உன் அப்பாவுக்கும் அந்த ஆண்டுக் கடன் வரவில்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதை உன்னிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு அமெரிக்கப் பையன் தட்டோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்துதான் சொல்ல வாய் வந்திருக்கிறது.

தொடருக்கு வருகிறேன். கீத்துக்கும் வெரோனிகாவுக்கும் இடையில் நடக்கும் பேச்சுக்காகவே இதைப் பார்க்கலாம். என்ரிகோ கொலன்டோனி என்ற நடிகர் கீத். கட்டை குட்டையான, வழுக்கைத் தலை மனிதர். மகளைக் கேலி செய்துகொண்டே சமைக்கிறார், அவள் பதிலுக்குக் கேலி செய்துகொண்டே பரிமாறுகிறாள். இருவரும் தங்கள் வலியை மற்றவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். முதல் சீசன் நடுவில், கீத் தன் சொந்தத் தகப்பனா என்றே அவளுக்குச் சந்தேகம் வருகிறது. ரகசியமாகப் பரிசோதனைக்கு அனுப்புகிறாள். முடிவு உறையில் வருகிறது. பிரிக்காமலே காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டுவிடுகிறாள்! உண்மை தெரிந்தாக வேண்டும் என்று ஊரையே துருவுகிற பெண், இந்த ஒரு உண்மை வேண்டாம் என்கிறாள். துப்பறியும் கதையில் இப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை.

கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி. முதல் சீசன் கடைசியில் அவளைப் பழைய குளிர்பதனப் பெட்டிக்குள் பூட்டிச் சுற்றித் தீ வைத்துவிடுகிறான் என்று மட்டும் சொல்கிறேன். கீத் அந்தத் தீக்குள் புகுந்து போகிறார். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், புது முழங்காலோடு.

கிறிஸ்டன் பெல்தான் வெரோனிகா. பொடிப் பெண், ஆனால் அவள் கண்ணில் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். லோகன் என்ற பணக்காரப் பையனை முதலில் வெறுத்தேன். அவன் அப்பா புகழ்பெற்ற திரைப்பட நடிகர். ஒரு நாள் அந்த அப்பா அடிப்பதற்காக, எந்த பெல்ட் என்று மகனையே அலமாரியில் தேடி எடுத்துவரச் சொல்கிறார். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எடுக்கிற விதத்தில், இது முதல் தடவை இல்லை என்பது நமக்கு விளங்கிவிடும். அதற்குப் பிறகு அவனை முழுதாக வெறுக்க முடியவில்லை.

இதைப் படைத்த ராப் தாமஸ் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவராம். முதலில் ஒரு பையனைத் துப்பறிவாளனாக வைத்து நாவலாகத்தான் எழுத நினைத்திருக்கிறார். பெண்ணாக மாற்றியது எவ்வளவு பெரிய காரியம்! பையனாக இருந்திருந்தால் அந்த ஷெரிஃப் அலுவலகக் காட்சி ஏது?

2004 செப்டம்பரில் யுபிஎன் என்ற சிறிய தொலைக்காட்சியில் தொடங்கியது. நமக்கு அப்போது கைக்குழந்தையும் அலுவலகமும். தொலைக்காட்சி எங்கே பார்த்தோம்? இரண்டாவது சீசனில் பள்ளிப் பேருந்து ஒன்று மலை விளிம்பிலிருந்து கீழே விழுந்துவிடுகிறது. முடிச்சுகள் அதிகம், எனக்கு ஒரு நோட்டில் பெயர்களை எழுதிவைக்க வேண்டியிருந்தது. அந்த யுபிஎன் 2006-ல் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து சிடபிள்யூ ஆயிற்று. மூன்றாவது சீசனில் வெரோனிகா கல்லூரிக்குப் போகிறாள். ஆண்டு முழுவதும் நீளும் ஒரே மர்மத்தை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன மர்மங்களாக வெட்டினார்கள். அந்த ஆண்டில் கதை இளைத்துத்தான் போயிற்று, அதை மறைக்க மாட்டேன். பார்க்கிறவர்கள் போதவில்லை என்று 2007 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 64 எபிசோடு.

கடைசிக் காட்சி இதுதான். கீத் மறுபடி ஷெரிஃப் தேர்தலில் நிற்கிறார். மகளைக் காப்பாற்ற ஒரு சாட்சியத்தை மறைத்துவிட்டார், அது வெளியே வந்துவிட்டது, தோற்கப் போகிறார். வெரோனிகா போய் அப்பாவுக்கு ஓட்டுப் போடுகிறாள். வெளியே மழை. குடை இல்லாமல் நடந்து போகிறாள். அவ்வளவுதான், தொடர் முடிந்துவிட்டது. அடுத்த எபிசோடு எங்கே என்று நான் பட்டியலில் மேலும் கீழும் தேடினேன்.

அப்போதே ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. அவள் பெயருக்குப் பொருத்தமாக, பத்தாயிரத்துக்கு மேல் மார்ஸ் சாக்லேட்களை அந்தத் தொலைக்காட்சி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பலிக்கவில்லை. ஆனால் மறக்கவில்லை. 2013 மார்ச்சில் ராப் தாமஸ், பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் மூலம் பொதுமக்களிடம் 20 லட்சம் டாலர் கேட்டார், திரைப்படமாக எடுப்பதற்கு. பதினொரு மணி நேரத்துக்குள் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. ஒரு மாத முடிவில் 91,585 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். 2014 மார்ச்சில் படம் வந்தது. 2019-ல் எட்டு எபிசோடில் நான்காவது சீசனும் வந்தது. அதன் முடிவைக் கண்டு அந்த ரசிகர்களிலேயே பலர் கொதித்தார்கள். நானும்தான். அதை நீ பார்க்க வேண்டாம். மழையில் நடந்து போகிறாளே, அதோடு நிறுத்திக்கொள்.

அந்த 91,585 பேரைப் பற்றித்தான் அடிக்கடி நினைக்கிறேன். ஆறு வருடம் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தவர்கள். அவர்கள் வாரம் ஒரு எபிசோடாக, யார் கொன்றார்கள் என்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டு பார்த்ததை நான் தனியாக ஏழு வாரத்தில் விழுங்கிவிட்டேன். முடிந்த அன்று யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. மகளுக்குத் தொலைபேசி செய்தேன். அவள் பார்த்தே பத்து வருடம் ஆகிறதாம்; பாதி மறந்துவிட்டாள்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய் அல்லவா? ஒரு வாரம் தங்குகிற மாதிரி வா. முதல் சீசன் 22 எபிசோடு, நாளுக்கு மூன்று, கடைசி நாள் மட்டும் நான்கு என்றால் கணக்கு சரியாகிவிடும். நான் வாய் திறக்க மாட்டேன், சத்தியம். மதியம் தயிர்சாதம் நான் பிசைகிறேன். மாவடு மட்டும் உன் வீட்டிலிருந்து கொண்டு வா, அந்தப் பக்குவம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அன்புடன்,
கல்யாணி