மாப்ளைக்கு, செல்லூரிலிருந்து

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜுக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை என்று திட்டாதே, திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் நலம். மழையும் இல்லை, வைகையில் தண்ணியும் இல்லை. ஓசூர் குளிர் அத்தைக்கு ஒத்துக்கொள்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா பையன் போனில் வைஸ் சிட்டி கேம் ஆடுகிறான்டா! நம்ம வைஸ் சிட்டி! அதன் ஹீரோ டாமி பேசுவதை அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். பிரௌசிங் சென்டரில் எங்கே கேட்டோம்? பஞ்சு பிய்ந்த ஒரே ஹெட்செட், ஆளுக்கு ஒரு காது, உன் பக்கம் ஒயரை அமுக்கிப் பிடித்தால்தான் சத்தமே வரும். காசு ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் வசனம் கேட்பான்? கதை வந்தால் தட்டிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிவிடுவோம். டாமிக்கு நீதான் டப்பிங். "ஆரப்பாளையத்துக்காரன்கிட்டயேவா?" என்று நீ கத்தியதில் சென்டர் அண்ணன் நம்மை வெளியே தள்ளினாரே!

டாமிக்கு அசல் குரல் ஹாலிவுட் நடிகர் ரே லியோட்டா. கேம் வந்த 2002-லேயே பெரிய ஆள், 1990-ல் குட்ஃபெல்லாஸ் படத்தில் ஹென்றி ஹில்லாக நடித்தவர். முந்தின பாகத்து ஹீரோ வாயே திறக்க மாட்டான், இதில்தான் பேச வைத்தார்கள். பேரம் பேசுகிற மாதிரி தணிவாகத்தான் ஆரம்பிக்கிறார், அப்புறம் எங்கிருந்துதான் அந்தக் கோபம் வருகிறதோ. ரிமோட் ஹெலிகாப்டரில் குண்டு வைக்கச் சொல்லி நம் உயிரை எடுத்த தொப்பிக்காரனுக்குக் குரல் ஹாலிவுட் நடிகர் பர்ட் ரெனால்ட்ஸாம். அதைப் படித்ததும் அந்த ஆள் மேல் இருந்த ஆத்திரம் பாதி குறைந்தது, பாதிதான்.

லியோட்டா நடிப்புப் படித்தது மயாமி பல்கலைக்கழகத்தில். வைஸ் சிட்டியே மயாமியைப் பார்த்துக் கட்டிய ஊர்தானே! கதை நடப்பது 1986-ல், டிவி சீரியலில் கிடந்த மனுஷன் சினிமாவில் கண்ணில் பட்டதும் அதே 1986-ல். 2022 மே மாதம் படப்பிடிப்புக்காக டொமினிகன் குடியரசுக்குப் போன இடத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார், வயது 67. நமக்கு எவனும் சொல்லவில்லை பார்.

ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அவர் தத்துப்பிள்ளை மாப்ள. ஆறு மாசக் குழந்தையாக ஒரு இல்லத்திலிருந்து நியூ ஜெர்சி தம்பதி எடுத்து வளர்த்திருக்கிறார்கள். வளர்த்த அப்பாவுக்கு என்ன தொழில் தெரியுமா? உன்னை மாதிரியே வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை! படித்ததும் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசின் 'காரா'வில் பதிந்தாயிற்று, பிள்ளை வந்தபின் அதனிடம் சொல்வதா மறைப்பதா, அத்தை மறைக்கத்தான் சொல்கிறார் என்று கேட்டிருந்தாயே. இந்த மனுஷனுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். கிண்டர்கார்டன் வகுப்பிலேயே எழுந்து நின்று, தான் தத்துப்பிள்ளை என்று பேசியிருக்கிறார். வளர்ந்தபின் பெற்ற அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தும் இருக்கிறார். ஆனாலும் கடைசி வரை லியோட்டாதான், அது வளர்த்தவர்கள் கொடுத்த பேர்.

நம்ம சனத்தில் மறைக்கத்தான் முடியுமா? ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றுகிற நேரத்தில், ஒரு பெரியம்மா போட்டு உடைத்துவிடும். அதற்கு முன்னால் நீயும் தங்கச்சியும் மடியில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். அத்தையிடம் வேண்டுமானால் நான் பேசுகிறேன், எனக்குச் சோறு போட்ட கை, என் பேச்சைக் கேட்பார். ஆனால் தங்கச்சியைக் கேட்டுவிட்டுச் சொல், அவள் சரி என்காமல் வாயைத் திறக்க மாட்டேன்.

அப்புறம், தத்து விஷயமாக வீடு பார்க்க ஆள் வருவதற்குள் வாசலில் கிடக்கும் அந்தக் கியர்பாக்ஸைத் தூக்கி எங்கேயாவது போடு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. கடையிலிருந்து வேண்டாம், பாதிப் பேச்சில் எவனாவது கிளட்ச் பிளேட் கேட்டு வந்து நிற்பான்.

உன் மச்சான்