ராடு ஒன்றில் எத்தனை மில்லிமீட்டர்?

கோவை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளின் தேர்வு முடிந்த பிறகுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. முட்டிவலிக்கு நீ சொன்ன எண்ணெயை வாங்கிவிட்டேன், தேய்த்துவிடத்தான் ஆளில்லை.

சென்ற மாதம் எங்கள் கிரைண்டிங் பட்டறையில் நடந்த கூத்தைக் கேள். கடினமாக்கிய தண்டுகள், 50 மி.மீ. விட்டம். மேற்பரப்பு இன்னும் வழவழப்பாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரவு ஷிப்டுப் பையன் கெட்டிக்காரன். வீலை, அதாவது அரைக்கும் கல்லை, வைரமுனையால் சீவிக் கூராக்கும் டிரஸ்ஸிங்கின்போது, நிமிடத்துக்கு 200 மி.மீ. ஓடவேண்டிய வைரமுனையை 60-இல் ஓட்டிவிட்டான். காலையில் வந்து பார்த்தால் தண்டுகள் கண்ணாடிபோல மின்னின. எனக்கே பெருமையாக இருந்தது. வெந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அமிலக் கரைசலான நைட்டாலில் தோய்த்து எடுத்தபோதுதான் கரும்பட்டைகள் தெரிந்தன. மேல்தோல் வெந்து கடினத்தை இழந்திருந்தது. முப்பத்திரண்டு தண்டு, எல்லாம் கழிவு.

வெட்டு ஆழத்தைக் குறை, கூலன்ட்டைக் கூட்டு என்றார்கள். இரண்டு நாள் நானும் அதையே செய்தேன், வெட்கக்கேடு. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீல் நிமிடத்துக்கு 1800 சுற்று. 200-இல் ஓட்டினால் சுற்றுக்கு 0.11 மி.மீ. நகரும் வைரம், 60-இல் 0.03 மி.மீ.தான் நகரும். போன இடத்திலேயே திரும்பத் திரும்பத் தடவியதில் வீலின் மணிகள், அதாவது வெட்டும் துகள்கள், மழுங்கிவிட்டன. மழுங்கிய மணி வெட்டாமல் உரசும். ஆழத்தைக் குறைக்கக் குறைக்க உரசல்தான் மிஞ்சும். பழைய 200-க்கே போனோம். வழவழப்புக்காக, கடைசியில் வீலை மேலும் உள்ளே தள்ளும் ஊட்டத்தை நிறுத்திவிட்டு, தீப்பொறி அடங்கும்வரை ஓடவிடுகிறோம். சரியாக வருகிறது.

அளவிலும் அடி வாங்கினோம். சூடு ஆறாத தண்டையே அந்தப் பையன் மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்திருக்கிறான். 20 டிகிரி கூடுதல் சூட்டுக்கு 50 மி.மீ. எஃகு 11 மைக்ரான் பெருத்துக் காட்டும். எங்களுக்கு அனுமதித்ததோ மொத்தமே 10 மைக்ரான். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் அனல் ஒத்துக்கொள்ளாது என்றுதானே கிரைண்டர் பிரிவில் சேர்ந்தேன்! இங்கும் மல்லுக்கட்டு சூட்டோடுதான்.

உன் புதுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அதே 90 ஆம்பியர், அதே 3.15 மி.மீ. வெல்டிங் ராடு, ஆனால் அவன் பற்றவைக்கும் ஸ்டெயின்லெஸ் தகடு மட்டும் முறுக்கிக்கொள்கிறது என்கிறாய். ஆம்பியர் மீட்டரைப் பார்த்து என்ன பயன்? அவன் கை வேகம் அதில் தெரியாதே. 24 வோல்ட் என்று வைத்துக்கொள். நிமிடத்துக்கு 150 மி.மீ. ஓட்டினால் மில்லிமீட்டருக்கு 0.86 கிலோஜூல் இறங்கும், 100 மி.மீ. ஓட்டினால் 1.3 கிலோஜூல். ஒன்றரை மடங்குச் சூடு வாங்கும் தகடு வளையாமல் என்ன செய்யும்? கடிகாரம்கூட வேண்டாம். நீ ஒரு ராடு எரித்து எவ்வளவு நீளம் ஓடுகிறது என்று அள, பிறகு அவனை எரிக்கச் சொல். உனக்கு 200 மி.மீ. வந்து அவனுக்கு 130-தான் வந்தால், கோளாறு அவன் கையில்தான். அடுத்த பாஸ், அதாவது அடுத்த அடுக்கு, போடுமுன் தகடு 150 டிகிரிக்குக் கீழே இறங்கட்டும் என்றும் சொல்லிவை, அவசரக்காரன் என்று எழுதியிருந்தாயே.

திட்டாதே. நாமும் முதல் வருடம் தகட்டைத் தோணியாக வளைத்தவர்கள்தான்.

இரண்டு நீளத்தையும் அளந்து எழுது. பொங்கலுக்குத் திருச்சி வருவேன், தங்கச்சியிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்