‘புழு தின்னாத சோளம்’ என்று விற்ற விதை பற்றிய முறைப்பாடு

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விதைக் கம்பனி தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

கடந்த காலபோகத்துக்கு உங்கள் கம்பனியின் கலப்பினச் சோள விதையை இங்குள்ள முகவரிடம் வாங்கி, ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியில் நட்டேன். பற்றுச்சீட்டு, விதைப் பை, பையோடு தந்த துண்டுப்பிரசுரம் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். முகவரிடம் நேரே போய்ச் சொன்னதற்கு, “எனக்கு ஒண்டும் தெரியாது, கம்பனிக்கு எழுதுங்கோ அக்கா” என்றார். அதனால் எழுதுகிறேன்.

துண்டுப்பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இதுதான்: “செடிக்குள்ளேயே புழுக்கொல்லி. இனி மருந்தடிக்கத் தேவையில்லை.” அதற்குக் கீழே ஒரு பக்கம் இந்தியப் பருத்தித் தோட்டம், மறுபக்கம் அமெரிக்கச் சோளத் தோட்டம். எங்கள் கமக்கார அமைப்புக் கூட்டத்துக்கு வந்த உங்கள் பிரதிநிதி அதோடும் நிற்கவில்லை. “இதைக் கடிச்ச புழு அடுத்த வாய் கடிக்காது. எத்தனை வருசம் போட்டாலும் புழுவுக்குப் பழகாது” என்று மைக்கில் சொன்னார். அந்தப் பேச்சுக்காகத்தான் மற்ற விதையைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட விலை கொடுத்தோம்.

பயிர் முழங்கால் உயரம் வரமுன்னமே இலைகளில் பச்சை சுரண்டப்பட்டு வெள்ளைத் தோல் மட்டும் மிஞ்சியது. பிறகு குருத்தில் ஓட்டை. குருத்தை விரித்துப் பார்த்தால் ஈர மரத்தூள் போல எச்சம். அதைத் தட்டிவிட்டால் அடியில் புழு சுருண்டு கிடக்கும். தலையில் கவிழ்த்துப் போட்ட ஒய் எழுத்து மாதிரி வெளிறிய கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகள். 2018இல் நாட்டுக்குள் வந்து சோளச் செய்கையையே ஆட்டிப்படைத்த அதே சேனாப் படைப்புழுதான் என்று விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்து உறுதிப்படுத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் சாதாரண விதை போட்டிருந்தார்கள். அங்கே எவ்வளவு சேதமோ இங்கேயும் அவ்வளவுதான். அவர்களாவது முதல் முட்டைக் கூட்டத்தைக் கண்டதும் நசுக்கினார்கள், மருந்தும் அடித்தார்கள். நான் உங்கள் துண்டுப்பிரசுரத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். புழு குருத்துக்குள் இறங்கிய பிறகு அடித்த மருந்து அதன் மேல் படவே இல்லை.

உங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது வந்த பதில்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. “உங்கட பக்கத்துப் புழு அந்த நஞ்சுக்குப் பழகியிருக்கும் அம்மா” என்றார் பேசியவர். கூட்டத்தில் பழகவே பழகாது, தொலைபேசியில் பழகிவிட்டது! சரி, எங்கே பழகியது? இப்படிப்பட்ட விதை வன்னியில் இதற்கு முதல் விற்கப்படவே இல்லை.

என் மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கிறாள். அவள் விளங்கப்படுத்தியதை நான் விளங்கிய அளவில் எழுதுகிறேன். ஒரு புழு தின்று தின்று நஞ்சுக்குப் பழகுவதில்லை. ‘செடிக்குள்ளேயே புழுக்கொல்லி’ என்றால் பி.டி. பயிராகத்தான் இருக்க வேண்டும். பி.டி. என்பது மண்ணில் இருக்கும் ஒரு பற்றீரியா. அதன் மரபணுவைச் செடிக்குள் வைத்தால், புழுவைக் கொல்லும் அதன் புரதத்தைச் செடியே செய்யும். அது புழுவின் குடலில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு குடலைத் துளைக்கும். ஆயிரக்கணக்கான புழுக்களில் எங்கோ ஒன்றிரண்டுக்கு அந்தப் பிடிப்பிடம் பிறவியிலேயே மாறியிருக்கும். மற்றவை செத்துப்போக, அந்த ஒன்றிரண்டு தப்பி, தங்களுக்குள்ளேயே சோடி சேர்ந்து பெருகும். அதற்குப் பல தலைமுறைகள் அந்தப் பயிரைத் தின்றிருக்க வேண்டும். முதல் போகத்திலேயே, நட்ட கையோடு நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் வருடக்கணக்கில் போட்ட இடங்களில் அது நடந்திருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவில், நான் குருத்துக்குள் கண்ட இதே படைப்புழு, கிரை1எஃப் என்ற பி.டி. புரதம் கொண்ட சோளத்தை 2006இலேயே தின்று தப்பியது. விற்ற கம்பனிகள் அங்கே அந்த விதையின் விற்பனையை நிறுத்தின. தென்னாபிரிக்காவில் தண்டுதுளைப்பான் இன்னொரு பி.டி. சோளத்தை வென்றது. உங்கள் படத்தில் இருக்கிற இந்தியப் பருத்தி 2002இல் அனுமதி பெற்றது. 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குத் தப்பிவிட்டது என்று விற்ற கம்பனியே ஒத்துக்கொண்டது. இரண்டு புரதம் சேர்த்த அடுத்த ரகத்தையும் பின்னர் அதே புழு தோற்கடித்தது. அந்தப் படத்தைப் போட்டவர் இதையெல்லாம் படிக்கவில்லையா?

இந்தியாவில் பி.டி. பருத்தி 450 கிராம் பையோடு பி.டி. இல்லாத விதை 120 கிராம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஓரத்தில் அதையும் நட்டால், அங்கே நஞ்சு படாமல் வளர்ந்த அந்துப்பூச்சிகள் தப்பிய பூச்சிகளோடு சோடி சேரும். பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றை நஞ்சு கொல்லும். பலர் அந்தச் சின்னப் பையை நடவே இல்லை என்பது வேறு கதை. அமெரிக்காவின் அரிசோனாவில் இப்படிப் பி.டி. இல்லாத பயிரை, அதாவது புகலிடப் பயிரை, ஒழுங்காக வைத்திருந்தார்கள், பிறகு மலடாக்கிய அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள். அங்கே இதே காய்ப்புழு எதிர்ப்புச் சக்தி பெற்றுப் பரவவில்லை. உங்கள் பையில் அப்படி ஒரு சின்னப் பையும் இல்லை, துண்டுப்பிரசுரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மரபணு மாற்றிய பயிரை நடுவதற்கு இலங்கையில் அனுமதி இல்லை. அப்படியென்றால் நீங்கள் எனக்கு விற்றது என்ன? பி.டி. சோளம் என்றால் சட்டத்துக்குப் புறம்பான விதையை என் காணியில் நட வைத்திருக்கிறீர்கள். வெறும் கலப்பினம் என்றால் “செடிக்குள்ளேயே புழுக்கொல்லி” என்பது பச்சைப் பொய், நான் கொடுத்த கூடுதல் விலை அந்தப் பொய்க்குக் கொடுத்தது. எது என்று எழுத்தில் சொல்லுங்கள், ஆய்வுகூட அறிக்கையோடு. நட்டது போக மிஞ்சிய விதையைப் போதனாசிரியர் முன்னிலையில் போத்தலில் போட்டு முத்திரை வைத்திருக்கிறேன். உங்கள் முடிவோடு ஒத்துப் பார்க்க அது இருக்கும்.

விதைக்குக் கொடுத்த முழுப் பணமும், பிந்தி அடித்த மருந்தின் செலவும் எனக்குத் திரும்ப வேண்டும். அதே கூட்டத்தில் இருந்து வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்களாகவே அறிவித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த காலபோக விதை கடைகளுக்கு வருமுன் அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் திரும்பப் பெறுங்கள். முகவர் ஒருமுறை, அடுத்த போகத்துக்கு அரை விலைக்கு விதை தரலாம் என்று கம்பனி சொன்னதாகச் சொன்னார். அது எனக்கு வேண்டாம்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தின் பிரதியும் முத்திரை வைத்த விதையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் பேராதனை விவசாயத் திணைக்களத்துக்கும் போகும்.

இப்படிக்கு,
உங்கள் விதையை வாங்கிய சோளச் செய்கையாளர்,
ஒட்டுசுட்டான்.

பிரதி: விவசாயப் போதனாசிரியர், கமநல சேவை நிலையம்.