எல்லா மூளை ரத்தக்கசிவும் பிபியால வர்றது இல்லீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க,

போன இதழ்ல மூளை ரத்தக்கசிவு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். உப்பை குறைங்க, பிபி மாத்திரைய விடாதீங்கன்னு சொன்னதெல்லாம் சரிதான், வயசானவங்களுக்கு பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனா சின்ன வயசுக்காரங்களுக்கு வந்தாலும் டென்ஷன், குளிர்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்களே, அங்கதான் எனக்கு இடிக்குது.

நான் குன்னூர்ல மெடிக்கல் ஷாப்ல நிக்கறவன். என் மச்சினன் பையன், டீ ஃபேக்டரியில வேலை, பிபி இல்ல சுகர் இல்ல பீடி சிகரெட் இல்ல, வேலைக்கு நடுவுல ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டான். பர்லியார் வழியா வளைவெல்லாம் இறங்கி கோயமுத்தூர் கொண்டு போனா ஏவிஎம்-னு சொன்னாங்க, மூளையில ரத்தக்குழாய்ங்க தப்பா இணைஞ்சு கெடக்கற கோளாறு. ஆஞ்சியோகிராம் படத்தை டாக்டர் ஓட விட்டு காட்டுனாரு, படத்துல குழாய் தெரியறதுக்கு ஏத்தற மருந்து ஆர்ட்டரியில (ரத்தத்தை கொண்டு வர்ற குழாய்) ஏறின அதே நேரத்துல வெயினும் (ரத்தத்தை திருப்பி கொண்டு போற குழாய்) கறுப்பா தெரிஞ்சுது, அது கொஞ்சம் கழிச்சுதான் தெரியணுமாம். நடுவுல இருக்க வேண்டிய தந்துகி, அதாவது மயிரிழை மாதிரி குழாய்ங்க, அந்த எடத்துல இல்ல, ஆர்ட்டரி நேரா வெயினோட சேர்ந்து சிக்குப்பிடிச்சு கெடக்குது. ரொம்ப சின்ன ஆர்ட்டரிங்களும் தந்துகிங்களும் சேந்துதான் பிரஷரை கொறைச்சு அனுப்பும். அது இல்லைன்னா மேல் டேங்க்ல இருந்து வர்ற பிரஷர் லைனை தோட்டத்துக்கு தண்ணி விடற ரப்பர் டியூப்ல நேரா மாட்டின கதைதான், வெயினோட சுவர் மெல்லிசு, சதை கம்மி, அவ்ளோ வேகத்தை தாங்கறதுக்கு உண்டானது இல்ல. வருஷக்கணக்கா அடி வாங்கி வீங்கும், உள்பக்க செல்லுல அழற்சி வந்து சுவரை இறுக்கிப் பிடிக்கிற கொலாஜனை அரிக்கிற என்சைம் சுரக்கும், ரத்தம் வெளியேறுற வெயின் எங்கயாச்சும் குறுகிட்டா பின்னாடி பிரஷர் இன்னும் ஏறும், ஒரு நாள் வெடிச்சுடும். ஏவிஎம்-ல மொத்தமா பாத்தா வருஷத்துக்கு 100 பேர்ல 2ல இருந்து 4 பேருக்கு கசியலாம்ங்கறாங்க, ஒரு தடவை கசிஞ்சா அடுத்ததுக்கு வாய்ப்பு கூடுது.

அனியூரிசம் வேற கணக்குங்க. அது ஆர்ட்டரி கிளை பிரியற மூலையில, ரத்தம் மோதற எடத்துல எலாஸ்டிக் படலம் கிழிஞ்சு புடைக்கிறது, அங்க பிபியும் சிகரெட்டும் நிஜமாவே வில்லன். கேவர்னோமா இன்னொண்ணு, சின்ன ரத்தக்குழாய்ங்க கொத்தா வீங்கி கெடக்கறது, பிரஷரே கம்மி, ஆனா சுவர்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல பிடிப்பு சரியில்லாம கொஞ்சம் கொஞ்சமா ஊறும், ஆஞ்சியோகிராம்ல பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ தான் எடுக்கணும்.

இதை ஏன் இவ்ளோ நீட்டறேன்னா, அந்த பையனோட தங்கச்சிக்கு பாத்த சம்பந்தம் தட்டிப்போச்சு, "அது குடும்ப வியாதி"ன்னு. 2018ல வந்த ஆராய்ச்சியில, ஏவிஎம்-ல இருந்து எடுத்த திசுவுல பாதிக்கு மேல கேராஸ்ங்கற ஜீன்ல மாற்றம் இருந்துச்சு, அதே ஆளுங்களோட ரத்தத்துல தேடினா அது இல்ல. அதாவது அப்பா அம்மா கொடுத்தது இல்ல, அந்த ஒரு எடத்து செல்லுல மட்டும் தானா வந்த மாற்றம். பரம்பரையா வர்ற வகையும் இருக்குதான், மூளையில பல எடத்துல கேவர்னோமா இருந்தா, இல்ல குடும்பத்துல அடிக்கடி மூக்குல ரத்தம் வர்ற எச்ஹெச்டி மாதிரி பரம்பரை ரத்தக்குழாய் நோய் இருந்தா சொந்தக்காரங்களும் டெஸ்ட் எடுக்கறது நல்லது. அதுக்காக எல்லாரையும் ஒரே கூடையில போட்டா எப்படிங்க? பொண்ணோட வாழ்க்கையாச்சே.

கடையில நிக்கறவனா இன்னொண்ணு. திடீர்னு உச்சத்துக்கு ஏறற தலைவலி, கூட வாந்தி, இல்ல மொத தடவையா ஃபிட்ஸ்னா பனி கோர்த்துருச்சுன்னு ஆஸ்பிரின் கேட்டு வராதீங்க, அது ரத்தம் உறையறத தடுக்கும், கசியும்போது உள்ளதும் கெடும். நான் தரமாட்டேன், 108க்கு போன் பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன், அதுக்கு திட்டும் வாங்கியிருக்கேன்.

பையனுக்கு கதிர்வீச்சு கொடுத்திருக்காங்க, குழாய் மூடறதுக்கு 2, 3 வருஷம் ஆகுமாம், அதுவரைக்கும் கசியற ஆபத்து போகாதுன்னும் சொல்லிட்டாங்க. அடுத்த இதழ்ல இந்த மூணு வகையையும் பிரிச்சு எழுதச் சொல்லுங்கய்யா, அந்த பரம்பரை விஷயத்தை கட்டம் கட்டி போட்டா ரொம்ப உபகாரமா இருக்கும், நாலு வீட்டுல காட்ட வேண்டியிருக்கு.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்