மிளகாய்த்தூளுக்குத் திருத்தம் உண்டு, பாலேவுக்குக் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கறுப்பு அன்னம் கட்டுரை படித்தேன். படம் பிரமாதம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் கடிதங்களில் நீங்கள் அச்சிடுவது முதல் இரண்டு வரிகளை மட்டும்தான். இரண்டு ஆண்டுக்கு முன் பக்கத்துக்குப் பக்கம் பிழை காட்டி நான் அனுப்பிய கடிதம், 'கட்டுரை படித்தேன், படங்கள் அருமை' என்று ஒரு பாராட்டுக் கடிதமாக வெளிவந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துச் சிரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' பாலேயின் புகழ்பெற்ற பா-த-தூ, அதாவது ஒருத்தனும் ஒருத்தியும் சேர்ந்து ஆடும் பகுதி பற்றி உங்கள் கட்டுரையாளர் இப்படி எழுதியிருக்கிறார்: "1877-ல் சாய்கோவ்ஸ்கி கறுப்பு அன்னத்துக்கென்றே எழுதிய இந்த ஜோடி நடனம், அன்று பெத்திப்பா அமைத்தபடியே இன்றுவரை மாறாமல் ஆடப்படுகிறது." ஒரே வாக்கியத்தில் இத்தனை தப்பைத் திணிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

1877-ல் அந்த பாலே முதன்முதலில் மேடையேறியது மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில், நடனம் அமைத்தவர் ரைசிங்கர் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே. பெத்திப்பா அப்போது இருந்தது பீட்டர்ஸ்பர்கில். அதே குளிர்காலத்தில் அவர் அங்கே மின்கஸின் இசைக்கு 'லா பயதேர்' என்று நம் ஊர்க் கோயில் நாட்டியக்காரியை வைத்து ஒரு பாலே போட்டுக்கொண்டிருந்தார். (அதைப் பற்றியும் நீங்கள் முன்னொரு முறை 'பரதம் ரஷ்யாவை வென்ற கதை' என்று தலைப்புப் போட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு அடவு கூடக் கிடையாது. அந்தக் கடிதமும் உங்கள் அலுவலகத்தில்தான் எங்கேயோ கிடக்கும்.)

'கறுப்பு அன்னத்துக்கென்றே' என்கிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்று நாம் கேட்கிற அந்த ஜோடி நடன இசையில் பெரும்பகுதி, சாய்கோவ்ஸ்கி எழுதியபோது முதல் அங்கத்தில் இருந்தது. இளவரசன் சீக்ஃப்ரீட் வயதுக்கு வந்த விருந்தில் ஆடிப்பாடிக் களிக்கிற இரண்டு பேருக்கு எழுதியது. ஒடீல் என்கிற அந்தக் கறுப்பு அன்னம் அந்தப் பக்கமே வருவதில்லை. உண்மையில் அவள் அன்னமே அல்ல, மந்திரவாதியின் மகள். கறுப்பு உடை 20ஆம் நூற்றாண்டில் நிலைத்த வழக்கம், 'கறுப்பு அன்னம்' என்ற பேரும் அதோடு ஒட்டிக்கொண்டதுதான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 'மருத்துவருக்கு பாலே எதற்கு' என்று உங்கள் உதவி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் என்னிடமே கேட்டிருக்கிறார். நான் மருத்துவம் படித்தது லெனின்கிராடில், அதாவது அதே பீட்டர்ஸ்பர்கில், 1979 முதல் 1985 வரை. சோவியத் நாடு பத்திரிகையின் வழுவழுத் தாளில் பாடநோட்டுக்கு அட்டை போட்டு வளர்ந்தவள், அந்த ஊருக்கே போய் இறங்கிவிட்டேன். அங்கே உள்ள பாலே அரங்குக்கு அன்றைக்குக் கிரோவ் என்று பேர், இன்றைக்கு மறுபடியும் மரின்ஸ்கி. அந்த அரங்கில் கூரையை ஒட்டின மாடியில் உட்கார்ந்து ஸ்வான் லேக் மட்டும் ஏழு தடவை பார்த்தேன். பைனாகுலர் வாடகைக்கு எடுத்தால், ஆட்டம் முடிந்ததும் கோட்டு வாங்குகிற வரிசையில் நிற்காமல் முன்னால் போய்விடலாம். அதற்காகவே சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடிப்பேன்.

எங்கள் விடுதி வாசலில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்த பாட்டியம்மா, அந்தக் காலத்தில் பாலே வகுப்புகளுக்கு பியானோ வாசித்தவர். ஒரு ராத்திரி நான் கிரோவிலிருந்து திரும்பி ஒடீலின் தனி ஆட்டத்தை முணுமுணுத்துக்கொண்டே படியேறினேன். கூப்பிட்டார். "அது இந்த பாலேயில் பிறந்த பாட்டு இல்லை, பெண்ணே" என்றார். லெனின் படம் மாட்டின பொது அறையில் ஒரு பழைய பியானோ உண்டு. அதில் உட்கார்ந்து வாசித்தார். ஒரு கட்டை அழுத்தினால் மேலே வராது. அந்த ஸ்வரம் வருகிற இடத்திலெல்லாம் விரலை எடுத்துவிட்டு வாயால் பாடி நிரப்பிக்கொண்டு மேலே போனார்.

அவர் வாசித்தது, சாய்கோவ்ஸ்கி 1893-ல், தாம் சாகிற ஆண்டில் எழுதிய 72ஆம் எண் பியானோத் தொகுப்பில் 'குறும்புக்காரி' என்கிற துண்டு. 18 துண்டுகளில் அது பன்னிரண்டாவது. சாய்கோவ்ஸ்கி போன பிறகு, 1895-ல் பெத்திப்பாவும் இவானோவும் ஸ்வான் லேக்கைப் பீட்டர்ஸ்பர்கில் புதிதாக அமைத்தார்கள். இசையை வெட்டி ஒட்டிக் கொடுத்தவர் டிரிகோ என்கிற இத்தாலிக்காரர். முதல் அங்கத்து ஜோடி நடனத்தைத் தூக்கி மூன்றாம் அங்கத்து விருந்தில் ஒடீலுக்கு வைத்ததும், பியானோத் துண்டை வாத்தியக்குழுவுக்கு மாற்றி அவளுடைய தனி ஆட்டமாக்கியதும் அப்போதுதான். 1893-ல் எழுதின இசையை 1877-ல் எப்படி ஐயா ஆடியிருப்பார்கள்?

அந்த ஜோடி நடனத்தில் ஒடீல் சுற்றுகிற 32 சுற்றுக்கும் இதே கதைதான். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைச் சாட்டை மாதிரி வீசிச் சுழல்கிற ஃபுவெத்தே. அது லெக்னானி என்ற இத்தாலிய நடனமணியின் கைச்சரக்கு, அல்ல, கால்சரக்கு. 1893-ல் சிண்ட்ரெல்லாவில் அதே வித்தையைக் காட்டி ஊரை மயக்கியிருந்தார். 1895-ல் ஒடீலாகவும் அவரையே போட்டபோது அதுவும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இளவரசனாக வந்த கெர்ட்டுக்கு அப்போது ஐம்பது வயது. ஏரிக்கரைக் காட்சியில் வெள்ளை அன்னமான ஒடெட்டைத் தாங்கிப் பிடிக்க பென்னோ என்கிற தோழனையும் கூட நிறுத்தினார்கள். ஜோடி நடனத்தில் மூன்றாவது ஆள்!

ஏரிக்கரை என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளை அன்னத்தின் அந்த மெதுவான ஆட்டமும் பெத்திப்பா அமைத்தது என்று முந்தின ஆண்டு மலரில் போட்டிருந்தீர்கள். அது இவானோவ் அமைத்தது. சாய்கோவ்ஸ்கி நினைவாக 1894-லேயே அந்த அங்கத்தை மட்டும் மேடையேற்றிவிட்டார். இசை அதைவிடப் பழையது. 1869-ல் 'உந்தீனா' என்று ஓர் ஆப்பெரா எழுதினார் சாய்கோவ்ஸ்கி. அரங்க நிர்வாகம் வேண்டாமென்றது. அவரே பிறகு அதை அழித்துவிட்டார். ஆனால் அதிலிருந்த காதலன் காதலி பாட்டை அழிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. அவள் குரலை வயலினுக்கும் அவன் குரலைச் செல்லோவுக்கும் கொடுத்து இங்கே கொண்டுவந்து வைத்தார். இது தெரிந்த பிறகு ஏழாவது தடவை பார்க்கப்போனேன். வயலின் கேட்கும், செல்லோ பதில் சொல்லும். நான் மேடையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் தூங்குவதாக நினைத்து இடித்தார்.

இத்தனையையும் விட்டுவிடுங்கள். உங்கள் கட்டுரையாளர் 1877 என்று எழுதினாரே, அந்த ஆண்டில் நிஜமாகவே ஒரு பா-த-தூ தகராறு நடந்தது. அதை எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். போல்ஷோயின் முன்னணி நடனமணி சோபெஷ்சான்ஸ்காயாவுக்கு ரைசிங்கர் அமைத்துக் கொடுத்தது பிடிக்கவில்லை. நேரே பீட்டர்ஸ்பர்க் போய், மூன்றாம் அங்கத்துக்குப் பெத்திப்பாவிடம் புதிதாக ஒரு ஜோடி நடனம் வாங்கி வந்தார். இசை மின்கஸ். தம் பாலேக்குள் இன்னொருவர் இசையா என்று சாய்கோவ்ஸ்கி குறுக்கே நின்றார். அந்த அம்மாளோ கற்றுக்கொண்டு வந்த அடியில் ஒன்றைக் கூட விடமாட்டேன் என்றார். கடைசியில் மின்கஸின் இசைக்கு அளவுக்கு அளவு பொருந்துகிற மாதிரி சாய்கோவ்ஸ்கியே புது இசை எழுதிக் கொடுத்தார். மறு ஒத்திகை கூட வேண்டியிருக்கவில்லை என்பார்கள். மெட்டுக்குப் பாட்டு எழுதுவது நமக்குப் பழக்கம். இது ஆட்டத்துக்கு மெட்டு.

அப்புறம் அது காணாமல் போயிற்று. 1953-ல் போல்ஷோயின் காகிதக் குவியலில் கிடைத்தது. 1960-ல் நியூயார்க்கில் பாலன்சீன் அதற்குப் புதிதாக நடனம் அமைத்து 'சாய்கோவ்ஸ்கி பா-த-தூ' என்று பேர் வைத்தார். ஆக, 1877-ல் ஒடீலாக ஆடியவருக்கென்றே எழுதின இசை வேறு பேரில் உலகம் சுற்றுகிறது, யாருக்கோ எழுதினது ஒடீலிடம் இருக்கிறது.

'இன்றுவரை மாறாமல்' என்பதற்கு நான் என்ன சொல்ல? 1895-ல் காதலர்கள் இருவரும் ஏரியில் விழுந்து சாவார்கள். நான் கிரோவில் பார்த்தது செர்கேயெவ் 1950-ல் அமைத்தது. அதில் இளவரசன் மந்திரவாதியின் இறக்கையைப் பிய்த்து எறிந்து ஜெயிப்பான். முடிவையே மாற்றிவிட்டார்கள், அடவையா மாற்ற மாட்டார்கள்?

நான் 22 ஆண்டுகளாகச் சந்தாதாரர். கணவர் நிறுத்தச் சொன்ன இரண்டு தடவையும் நிறுத்தவில்லை. நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. போன மாதம் ரசப்பொடிக் குறிப்பில் மிளகாய்த்தூள் அரைக் கரண்டிக்குப் பதில் ஐந்து கரண்டி என்று அச்சாகிவிட்டது. அடுத்த இதழிலேயே கட்டம் கட்டி, 'வருந்துகிறோம்' என்று திருத்தம் போட்டீர்கள். அதில் பாதி இடம் போதும். "கறுப்பு அன்னத்தின் ஜோடி நடனம் 1877-ல் அமைந்ததல்ல, 1895-ல் அமைந்தது. அதன் இசையைத் தொகுத்தவர் டிரிகோ." அவ்வளவுதான். சொற்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவர், மதுரை

பி.கு.: பெயர் போட வேண்டாம். போன முறை என்னை 'திரு' ஆக்கிவிட்டீர்கள்.